வீடு நமது, மண் அவர்களது: புளோரிடாவில் மூத்தோர் மொபைல் ஹோம் பார்க்கில் குடியேற ஒரு வழிகாட்டி

மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில் என் கணவர் ஒரு செக் எழுதி, பார்க் அலுவலகக் கதவில் இருக்கும் துளைக்குள் போட்டுவிட்டு வருவார். நாங்கள் குடியிருக்கும் வீடு எங்களுடையதுதான், அதன் மேல் கடன் எதுவும் இல்லை. அந்த செக் வீடு நிற்கிற மண்ணுக்கு. புளோரிடாவின் நடுப்பகுதியில், போல்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), ஒரே குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்தி வரும் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான மொபைல் ஹோம் பார்க்கில் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெரிய வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

எங்களைப் போலவே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்த பலர் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். "அந்த மாதிரி இடத்தில் வாங்கலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள், மண்ணுக்குச் சொந்தக்காரரைப் பாருங்கள். எல்லோரும் சமையலறையைப் பார்த்து மயங்கி, கடைசியில்தான் லாட் வாடகை, அதாவது வீடு நிற்கும் மனைக்கான வாடகை, பற்றிக் கேட்கிறார்கள். நான் சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறானது.

எதை வாங்குகிறோம், எதை வாங்கவில்லை

இந்த வீடு தொழிற்சாலையில் கட்டப்பட்டு, இரும்புச் சட்டத்தின் மேல் சக்கரம் பூட்டி இழுத்து வரப்பட்டு, கான்கிரீட் கல் அடுக்குகளின் மேல் நிறுத்தப்பட்டது. ஒரே துண்டாக வந்தால் சிங்கிள் வைடு. இரண்டு துண்டுகளை நடுவில் சேர்த்தால் டபுள் வைடு. 1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டியவை மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த விதிகளின்படி கட்டப்பட்டவை. சட்டப்படி அவற்றுக்கு மேனுஃபேக்சர்டு ஹோம் என்று பெயர். ஊரில் எல்லாரும் இன்னும் மொபைல் ஹோம் என்றுதான் சொல்கிறார்கள், புளோரிடா சட்டமும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறது.

பெயரில்தான் மொபைல். ஒருமுறை நிறுத்திய வீடு பெரும்பாலும் அங்கேயேதான் காலம் தள்ளும். பெயர்த்துக்கொண்டு போக ஆயிரக்கணக்கில் செலவாகும், முப்பது வருடப் பழைய வீட்டை உள்ளே விட இன்னொரு பார்க் முன்வருவதும் அரிது. அதனால்தான் மண்ணைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். வாடகை பிடிக்கவில்லை என்றால் அபார்ட்மென்ட்டில் இருப்பவர் பெட்டியைக் கட்டலாம். நமக்கு வீட்டை விற்றுவிட்டுத்தான் நகர முடியும்.

இந்த ஊர்ப்பக்கம் இப்படி வாழும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1919-ல் டாம்பாவின் டி சோட்டோ பூங்காவில், குளிருக்குப் பயந்து காரோடும் கூடாரத்தோடும் வடக்கிலிருந்து வந்தவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். 1936-ல் பிராடென்டனில் கிவானிஸ் என்ற சேவைச் சங்கம் ஒரு பெரிய ட்ரெய்லர் பார்க்கைத் திறந்தது. இன்றும் நவம்பர் வந்தால் மிச்சிகனிலிருந்தும் ஒஹாயோவிலிருந்தும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஏப்ரலில் பாதித் தெரு காலி.

முதலில் குடும்பத்தைப் பாருங்கள்

பார்க்குகளில் மூன்று வகை உண்டு. பெரிய நிறுவனங்கள் நடத்துபவை ஒன்று. குடியிருப்போரே சேர்ந்து நிலத்தை வாங்கி, பங்கு வைத்து நடத்துபவை இன்னொன்று. மூன்றாவது, ஒரு குடும்பம் நடத்துவது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆரஞ்சுத் தோப்பையோ மாட்டுப் பண்ணையையோ பிரித்து லாட் போட்ட அப்பா, இப்போது அலுவலகத்தில் உட்காரும் மகளோ மகனோ. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம், அதற்காக வருத்தப்பட்டதில்லை. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். கூப்பிட்டால் எடுப்பவருக்கு நம் குரல் தெரியும்.

ஆனாலும் குடும்பம் நடத்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக நம்பிவிடாதீர்கள். குடும்பத்துக்கும் வயதாகும். இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? அடுத்த தலைமுறையில் யாருக்கு இதில் ஆர்வம்? இதற்கு முன் யாராவது விலைக்குக் கேட்டார்களா? முதல் கேள்விக்கு நீங்களே விடை தேடலாம். ஒவ்வொரு கவுண்டியிலும் சொத்து மதிப்பிடும் ப்ராபர்ட்டி அப்ரைசர் அலுவலகத்தின் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. முகவரியைத் தந்தால் உரிமையாளர் பெயர் வந்துவிடும். போன வருடம்தான் ஒரு கம்பெனி பெயருக்கு மாறியிருக்கிறது என்றால், குடும்பமே தொடங்கிய கம்பெனியா, வெளியாளா என்று விசாரித்துவிடுங்கள்.

பார்க் விற்கப்பட்டால் என்ன ஆகும்? புளோரிடா மொபைல் ஹோம் சட்டம், அதாவது மாநிலச் சட்டத்தின் 723-ஆம் அத்தியாயம், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வாய்ப்புத் தருகிறது. உரிமையாளர் பார்க்கைப் பொதுவில் விற்பனைக்கு வைத்தால் சங்கத்துக்கு விலையையும் நிபந்தனைகளையும் தெரிவிக்க வேண்டும். அதே விலைக்குத் தாங்களே வாங்க சங்கத்துக்கு 45 நாள் அவகாசம். யாரோ தானாகத் தேடி வந்து விலை கேட்டால் இந்த அளவு பாதுகாப்பு இல்லை. வந்த விலையைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், சங்கம் கொடுக்கும் விலையைப் பரிசீலிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு நிலம் போனால் எந்த அறிவிப்பும் தேவையில்லை. குடும்ப பார்க்கில் இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். நீங்கள் கைகுலுக்கியது அப்பாவோடு, ஆனால் பத்து வருடம் கழித்து முடிவெடுக்கப் போவது பிள்ளை. அதனால் அந்தப் பிள்ளையிடமும் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் இங்கே பிற்பகல்தோறும் இடி மழை. தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, வீட்டுக்கு அடியில் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீர் நகராட்சியுடையதா, பார்க்கின் சொந்தக் கிணறா என்று கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பழைய பார்க்குகளில் குழாய்களும் பழையவை, அவற்றை மாற்றும் நாள் வந்தால் செலவு யார் தலையில் விழும் என்பதை அடுத்துச் சொல்லும் ஆவணத்தில் பார்க்க வேண்டும்.

ப்ராஸ்பெக்டஸ்: தடிமனாக இருக்கும், படித்துத்தான் ஆக வேண்டும்

26 லாட்டோ அதற்கு மேலோ இருக்கும் பார்க்குகள் வாடகைக்கு வருபவருக்கு, பார்க்கின் விதிகளையும் கட்டணங்களையும் சொல்லும் ப்ராஸ்பெக்டஸ் என்ற ஆவணத்தைத் தர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அது உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தராமல் கையெழுத்து வாங்கியிருந்தால், அது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள் வரை ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பந்தக் காலமும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது.

எங்களுடையது எண்பது பக்கத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உட்கார்ந்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படித்தோம். நீங்கள் கோடு போட வேண்டிய இடங்கள் மூன்று.

வாடகை எதை வைத்து உயரும் என்பது முதலாவது. சில பார்க்குகளில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து உயரும். சிலவற்றில் 'சந்தை நிலவரம்' என்று பொதுவாக எழுதியிருக்கும், அதில் கவனம் தேவை. கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இன்று 650 டாலர் வாடகை, வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து வருடத்தில் அது ஏறக்குறைய 1,059 டாலர், பதினைந்து வருடத்தில் 1,351. நம்முடைய ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறுமா? வீட்டின் விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை அதே இரவில் போட வேண்டும்.

வாடகைக்கு மேல் வரக்கூடிய செலவுகள் இரண்டாவது. இவற்றைப் பாஸ் த்ரூ என்பார்கள். நிலத்தின் சொத்து வரி உயர்வு, அரசு கட்டாயப்படுத்தும் பராமரிப்பு வேலை போன்றவற்றை நம்மிடம் பங்கிட்டு வசூலிப்பது. ப்ராஸ்பெக்டஸில் சொல்லியிருந்தால்தான் வசூலிக்க முடியும், அதனால் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, வாடகைக்குள் என்னென்ன அடங்கும் என்பது. குப்பை, புல் வெட்டுதல், தண்ணீர், கிளப்ஹவுஸ், நீச்சல் குளம். எழுத்தில் இருப்பவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

வாடகையை உயர்த்தவோ, சேவைகளைக் குறைக்கவோ, விதிகளை மாற்றவோ வேண்டுமானால் 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குடியிருப்போர் ஐந்து பேருக்கு மிகாத ஒரு குழுவை அமைத்து உரிமையாளரோடு உட்கார்ந்து பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாநிலத்தின் வணிக, தொழில் ஒழுங்குமுறைத் துறை வழியாக மத்தியஸ்தம் கேட்கலாம். குடும்ப பார்க்கில் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. எங்களுக்கு ஒருமுறை உயர்வு அதிகமாக வந்தது. கிளப்ஹவுஸில் காபி போட்டு, உரிமையாளரின் மகள் இன்ஷூரன்ஸ் பில்லையே கொண்டுவந்து மேஜையில் வைத்துக் காட்டினார். இரண்டு வருடமாகப் பிரித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிந்தது.

ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. விற்பவரின் ப்ராஸ்பெக்டஸையே நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். பழையதில் நிபந்தனைகள் சாதகமாக இருக்கக்கூடும். விற்பவரிடம் இருக்கும் பிரதியையும் அலுவலகம் தரும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயதுக் கணக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்வது 1988-ல் வந்த சட்டப்படி சட்டவிரோதம். மூத்தோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீடுகளில் 80 சதவீதத்திலாவது 55 வயதானவர் ஒருவர் இருக்க வேண்டும். பார்க் அதைக் கொள்கையாக அறிவித்து, வயதுச் சான்று வாங்கிச் சரிபார்க்கவும் வேண்டும். அதனால் ஓட்டுநர் உரிமத்தையோ பாஸ்போர்ட்டையோ கேட்டால் தப்பாக நினைக்க வேண்டாம்.

மீதி 20 சதவீதத்தை எப்படிக் கையாள்வது என்பது பார்க்கின் விருப்பம். மனைவிக்கு 50 தான் என்றால் பிரச்சினை இல்லாமல் போகலாம். ஆனால் இரண்டாவது ஆளுக்கும் குறைந்தபட்ச வயது வைத்திருக்கும் பார்க்குகள் உண்டு. நம் குடும்பங்களில் வரும் கேள்விகள் வேறு: கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் 53 வயதான மனைவி இருக்க முடியுமா? மகள் வேலையை விட்டு வந்து ஆறு மாதம் எங்களைப் பார்த்துக்கொண்டால் அவள் விருந்தாளியா, குடியிருப்பவளா? பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க இருக்கலாமா? எங்கள் பார்க்கில் பேரப்பிள்ளைகளுக்கு வருடத்தில் மொத்தம் 30 நாள். இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். அலுவலகத்தில் இருக்கும் அம்மா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவர் என்றைக்கும் அங்கேயே இருக்கப் போவதில்லை.

இப்போது வீட்டைப் பாருங்கள், கீழே இருந்து தொடங்கி

வீட்டைச் சுற்றித் தரைக்கும் சுவருக்கும் இடையில் வினைல் பாவாடை கட்டியிருக்கும். ஸ்கர்ட்டிங் என்பார்கள். அதில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, டார்ச் லைட்டோடு எட்டிப் பாருங்கள். என் கணவர் ஒரு பழைய பாயை விரித்து அதன் மேல் படுத்துத்தான் பார்த்தார். அவர் பார்த்தவை இவை.

கல் அடுக்குகள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்திருக்கின்றனவா. இரும்புச் சட்டத்திலிருந்து தரைக்குள் இறங்கும் பட்டைகள், அதாவது டை டவுன், இறுக்கமாக இருக்கின்றனவா, துரு பிடித்திருக்கின்றனவா. விரலால் தட்டினால் இறுகிய பட்டை டங்கென்று ஒலிக்கும், தொய்ந்தது ஆடும். வீட்டின் அடிவயிற்றில் கறுப்புத் துணி போன்ற ஒரு உறை ஒட்டியிருக்கும். அது கிழிந்து பஞ்சு தொங்கினால் எலியோ, ஒழுகும் குழாயோ, இரண்டுமோ. ஏசி காற்றுக் குழாய் தரையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். டபுள் வைடில் இரண்டு பாதிகளையும் இணைக்கும் குழாய் கழன்று, வீட்டுக்கு அடியில் இருக்கும் பூனைக்கு ஏசி போட்டுக்கொண்டிருந்த வீட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். 1970-களின் கடைசியிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை போட்ட பாலிபியூட்டிலீன் குழாயாக இருக்கலாம். இணைப்புகளில் வெடித்துவிடும், மாற்றத்தான் வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உள்ளே. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடங்கள். நமக்கு அது பழக்கம்தான், இங்கே அது பெரிய உதவி. தரை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை ஊறினால் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். கழிப்பறைத் தொட்டியைச் சுற்றி, வாட்டர் ஹீட்டர் அறைக்கு முன்னால், வாஷிங் மெஷினுக்குக் கீழே, ஜன்னலுக்கு அடியில் என்று நான்கு இடத்திலும் குதிகாலால் அழுத்துங்கள். நாங்கள் ஏறக்குறைய வாங்கிவிட்ட முதல் வீட்டில் புது வினைல் விரிப்பு பளபளவென்று இருந்தது. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் காலை வைத்தேன், மெத்தையில் வைத்தது போல் அமுங்கியது. விற்பவர் முகம் மாறிவிட்டது. மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டோம்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். தாளிப்பு தினமும் நடக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கூரை தாழ்வு, சுவர் மெலிசு. மிளகாய் வறுத்த நெடி மூன்று நாள் படுக்கையறையில் நிற்கும். வெளியே தள்ளும் விசிறி போட ஆள் கிடைப்பார்கள், ஆனால் கூரையில் ஓட்டை போடுவதால் திறமையான ஆள் வேண்டும்.

வீட்டுக்கு வெளியே, பின்பக்க மூலையில் சிவப்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். ஹட் முத்திரை அது, டபுள் வைடு என்றால் இரண்டு. உள்ளே சமையலறை அலமாரிக் கதவுக்குள்ளோ, மின் பெட்டிக்கு அருகிலோ, படுக்கையறை அலமாரியிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். கட்டிய நாள், வரிசை எண், எந்தக் காற்று மண்டலத்துக்காக, அதாவது எவ்வளவு பலமான காற்றைத் தாங்கக் கட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு புளோரிடாவில் மொபைல் ஹோம்களைத் துவம்சம் செய்தது. அதன் பிறகு விதிகளை இறுக்கினார்கள், 1994 ஜூலையிலிருந்து அவை அமலுக்கு வந்தன. புளோரிடா முழுவதும் பலத்த காற்றுக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் மண்டலம். என்னைக் கேட்டால், கையில் பணம் இருந்தால் 1994-க்குப் பிந்தைய வீடாகப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் அதற்குத்தான் சுலபம். வீடு பிடித்துப்போனால் விலையை முடிப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸுக்கு விலை கேட்டுவிடுங்கள். சில பழைய வீடுகளுக்கு எந்த நிறுவனமும் எடுக்காது.

பணம் கொடுக்கும் வரிசை

பார்க்கின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. விற்பவர் வீட்டைத்தான் விற்க முடியும், மண்ணில் உங்களை உட்கார வைக்க அவரால் முடியாது. உங்கள் பின்னணி, வருமானம், வயது எல்லாவற்றையும் பார்த்து, பார்க் நிர்வாகம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பம் போட்டார். அவருடைய நாய் பார்க் விதியில் சொன்ன எடைக்கு மேல் இருந்தது. நாயை விடுவதா, வீட்டை விடுவதா என்று இரண்டு மாதம் அல்லாடினார்.

நிலம் இல்லாமல் வீட்டை மட்டும் வாங்குவதால் பத்திரப் பதிவு கிடையாது. காருக்கு இருப்பது போல டைட்டில் என்ற உரிமைச் சான்றிதழ்தான். டபுள் வைடு என்றால் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு டைட்டில், இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் இருக்கும் வரிசை எண்ணும் வீட்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா, டைட்டிலில் பழைய கடன் பதிவு எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றம் கவுண்டி டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும், விற்பவரையும் கூட அழைத்துப் போவது நல்லது. விற்பனை வரியும் உண்டு, அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

வருடந்தோறும் சொத்து வரிக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர் வாங்க வேண்டும். வீட்டின் நீளத்தைப் பொறுத்து ஒவ்வொரு பாதிக்கும் 20 முதல் 80 டாலர் வரை உரிமத் தொகை, அதன் மேல் சில சில்லறைக் கட்டணங்கள். டிசம்பர் 31-ல் காலாவதியாகும். தெருவைப் பார்த்த ஜன்னலில் இடதுபக்கக் கீழ் மூலையில் ஒட்ட வேண்டும். நாங்கள் முதல் வருடம் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து ஒட்டிக் காட்டினார்.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை, நிலம் சேராததால் இது வீட்டுக் கடன் கணக்கில் வராது. வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. பழைய வீட்டைப் பெரும்பாலானோர் ரொக்கமாகவே வாங்குகிறார்கள்.

குடியேறிய பிறகு

முதல் வாரத்தில் இரண்டு பக்கமும் எதிரும் உள்ள வீடுகளுக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எண்பது வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்களுக்கு நாக்கு திரும்ப ஒரு வருடம் ஆனது. கிளப்ஹவுஸில் மாதம் ஒருநாள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். நான் முதல்முறை எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். மூன்றாம் மாதம் கொண்டுபோகவில்லை என்றதும் ஏன் என்று கேட்டார்கள். இந்தப் பழக்கத்தில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. காலையில் உங்கள் ஜன்னல் திரை விலகவில்லை என்றால் கதவைத் தட்டும் ஆட்கள் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறார்கள்.

படிக்கட்டு, கைப்பிடி, சாய்வுப் பாதை, கார் நிறுத்தும் கார்போர்ட், கண்ணாடி அறை என்று எதைக் கட்டுவதானாலும் முதலில் அலுவலகத்தின் அனுமதி, அப்புறம் கவுண்டியின் பெர்மிட். செடிக்கும் அப்படியே. நான் ஒரு முருங்கைக் கொம்பு நட ஆசைப்பட்டேன். இந்த மண்ணில் முருங்கை நன்றாக வரும். மண் நமதில்லையே, கேட்டேன். உரிமையாளரின் மகன் ஒரு சுருட்டிய தாளோடு வந்தார். அவருடைய அப்பா பென்சிலால் வரைந்த வரைபடம், ஒவ்வொரு லாட்டுக்கு அடியிலும் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கோடு கோடாக இருந்தது. ஓரங்கள் மஞ்சளாகி, சில கோடுகள் மேல் புது மை. நான் தோண்ட நினைத்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கோடு. நான்கடி தள்ளி ஒரு சின்னக் கொடியை அவரே ஊன்றிக் கொடுத்தார். மின்சார, கேஸ் லைன்களுக்காக 811 எண்ணைக் கூப்பிட்டால் ஆள் வந்து குறித்துவிட்டுப் போவார், அதையும் செய்யச் சொன்னார். அது இலவசம். நீங்களும் கடப்பாரையை எடுக்கும் முன் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

குடியிருப்போர் சங்கம் இருந்தால் உடனே சேருங்கள். இல்லையென்றால் தொடங்கப் பேசுங்கள். பார்க் விற்பனைக்கு வந்தால் 45 நாள் உரிமை சங்கத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. சட்டப்படி அமைய வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வீட்டு உரிமையாளர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதை விற்பனை அறிவிப்பு வந்த பிறகு ஓடி ஓடி வாங்க முடியாது. உரிமையாளர் குடும்பம் நல்லவர்கள், அவர்களுக்கு எதிராகப் போவது போல் இருக்குமே என்று நானும் தயங்கினேன். எங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டதே அந்த மகன்தான்.

புயல் வந்தால் கிளம்பத்தான் வேண்டும்

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2004-ல் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் சார்லி, ஃபிரான்சஸ், ஜீன் என்று மூன்று புயல்கள் இதே போல்க் கவுண்டி வழியாகப் போயின. கடலிலிருந்து தூரம் என்பதால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. வீடு எங்கே இருந்தாலும், எவ்வளவு புதிதாக இருந்தாலும், மொபைல் ஹோமில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று கவுண்டி சொல்லும். சொன்னால் கிளம்பிவிடுங்கள். பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் கார்போர்ட்டும் கண்ணாடி அறையும்தான் முதலில் பிய்யும், போகும்போது கூரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கே போவது என்பதை மே மாதமே முடிவு செய்துவிடுங்கள். பக்கத்து ஊரில் கட்டட வீடு உள்ள நண்பர் நல்லது. இல்லையென்றால் கவுண்டி திறக்கும் பள்ளிக்கூட ஷெல்டர். ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், தனியாக நடக்க முடியாதவர் முன்கூட்டியே சிறப்புத் தேவை ஷெல்டருக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும், புயல் கிளம்பிய பிறகு அல்ல. இரண்டு வார மருந்து, கண்ணாடி, டைட்டிலும் இன்ஷூரன்ஸ் தாள்களும் வைத்த பிளாஸ்டிக் உறை, வீட்டின் நான்கு பக்கமும் உள்ளேயும் எடுத்த போட்டோ. 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது நாங்கள் எடுத்துப்போனது இவ்வளவுதான். கூடவே ஒரு டப்பா புளியோதரை.

எங்கள் பார்க் அலுவலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு லாட் எண்ணுக்கும் எதிரே: யார் இருக்கிறார்கள், எங்கே போவார்கள், வண்டி உண்டா, ஊருக்கு வெளியே யாரைக் கூப்பிட வேண்டும். மில்டனுக்கு முந்தைய நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையாளரின் மகளும் மகனும் தெருத் தெருவாக நடந்து, கிளம்பியவர் பெயருக்கு எதிரே டிக் போட்டார்கள். 41-ஆம் லாட்டில் இருந்த மூதாட்டிக்கு வண்டி ஓட்ட முடியாது. அவரையும் அவருடைய பூனையையும் ஷெல்டரில் கொண்டுபோய் விட்டது அந்த மகள்தான். நீங்கள் பார்க்கப் போகும் பார்க்கில் இப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இருந்தால் ஜூன் பிறக்கும் முன் உங்கள் பெயரை அதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.